சாவா மூவாப் பேராடு

போன தை மாதம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது பரணிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு விழுந்தது. அட்டையில் என் பெயர், எட்டாம் வகுப்பு, 'ஆ' பிரிவு, சமூக அறிவியல். உள்ளே பாடம் ஒன்றுமில்லை. முதல் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, 'எங்கள் கம்பெனி - சட்டதிட்டங்கள்' என்று எழுதியிருந்தது. அடியில் இரண்டு கையெழுத்துகள். ஒன்று என்னுடையது, மற்றது என் நண்பனுடையது. ஆண்டு 1996.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருப்பேன். ஆனால் அதே வாரம்தான் நண்பன் பெங்களூரில் வேலை போய் ஊருக்கு வந்திருந்தான். பதினான்கு வருடம் வெளிநாட்டு வீடியோ கேம்களுக்கு வீடு, மரம், பீப்பாய், சுவர் என்று வரைந்துகொண்டிருந்தவன். போளூர் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து, "என்னாண்ட கொஞ்சம் இருக்குது. நீயும் கொஞ்சம் போடு. நம்ம கம்பெனிய ஆரம்பிச்சுடலாம்" என்றான். நான் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியன். நான் போடக்கூடிய பணம் என்பது மகளின் கல்லூரிக்காகச் சேர்த்துவைத்த பணம். அவள் இப்போது பிளஸ் டூ.

அதனால் நோட்டைக் கொஞ்சம் மரியாதையாகப் படிக்க வேண்டியதாயிற்று. ஒரு யோசனை சரியா தப்பா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இதற்கு முன்னால் யாராவது அதைச் செய்து பார்த்தார்களா, செய்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பது.

*

எங்கள் கம்பெனி பிறந்த இடம் தேரடித் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்த முன்னறை. இரண்டு சின்ன டி.வி., நான்கு பிளாஸ்டிக் முக்காலி. அரை மணிக்கு மூன்று ரூபாய். நடத்திய அண்ணன் பௌர்ணமி அன்று மட்டும் கேமை மூடிவிட்டு, கிரிவலம் வருகிறவர்களுக்கு வாசலில் சுக்குக் காப்பி விற்பார். கேசட் ஓடாவிட்டால் எடுத்து அடியில் 'ஃபூ' என்று ஊதிப் போடுவோம். சென்னையிலிருந்து லீவுக்கு வந்த ஒரு பையன் கோன்ட்ராவுக்கு ஒரு மந்திரம் சொல்லிக்கொடுத்தான்: மேல் மேல் கீழ் கீழ், இடம் வலம் இடம் வலம், பி, ஏ. மூன்று உயிர் முப்பது உயிராகும். அன்றிலிருந்து எங்களை எழுப்புவதே அண்ணனுக்குப் பெரும்பாடு. "டே, மூணு ரூபாக்கு எத்தினி உசுருடா வோணும் உங்களுக்கு?"

அந்த மந்திரத்தை உண்டாக்கியவர் கோனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986இல் கிரேடியஸ் என்ற ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றியபோது, அது அவருக்கே கஷ்டமாக இருந்ததால், சோதித்துப் பார்க்க வசதியாகத் தனக்கென்று வைத்துக்கொண்ட குறுக்குவழி. எடுக்காமல் விட்டது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அவர் 2020இல் இறந்த செய்தியைப் படித்தபோதுதான், அப்படி ஒரு ஆள் இருந்ததே எனக்குத் தெரியும்.

நாங்கள் ஆடிய பெட்டி நின்டெண்டோவினுடையது அல்ல, அதன் நகல். நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெட்டியை 14,800 யென்னுக்கு விற்றது. 1985இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன பெட்டியில், அனுமதியில்லாத கேசட்டை ஓடவிடாத ஒரு பூட்டுச் சில்லை வைத்தார்கள். ஜப்பான் பெட்டியில் அந்தப் பூட்டு கிடையாது. தைவானிலும் சீனாவிலும் அதைப் பார்த்துப் பார்த்து நகல் செய்தார்கள். அந்த நகல்களில் ஒன்றுதான் எங்கள் சந்துக்கு வந்து சேர்ந்தது. ஆக, எந்தக் கம்பெனியை எப்படி நடத்த வேண்டும் என்று நோட்டுப் போட்டு எழுதினோமோ, அந்தக் கம்பெனிக்கு நாங்கள் ஒரு பைசா கொடுத்ததில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

*

சட்டங்கள் மொத்தம் ஐந்து.

முதல் சட்டம்: 'பழைய கேமை மாத்தக் கூடாது.'

எல்லா ரசிகர்களுக்கும் இதுதான் முதல் சட்டம். சினிமாவானாலும் கர்நாடக சங்கீதமானாலும் நாம் கேட்பது, போன தடவை சந்தோஷப்பட்டதை அப்படியே இன்னொரு தடவை. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. சேகா நிறுவனத்தின் சோனிக் ஆட்டங்கள் பல வருடம் திசை தெரியாமல் அலைந்தன. கிறிஸ்டியன் வைட்ஹெட் என்ற ஆஸ்திரேலிய ரசிகர் பழைய சோனிக்கைத் தானாகவே புதுக் கருவிகளில் ஓடவைத்துக் காட்டினார். சேகா அவரைக் கோர்ட்டுக்கு இழுக்காமல் வேலை கொடுத்தது. அவரும் அவரைப் போன்ற ரசிகர்களும் சேர்ந்து செய்த சோனிக் மேனியா 2017இல் வந்தது. பழைய ரசிகர்கள் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. மில்டன் குவாஸ்தி என்ற அர்ஜென்டினாக்காரர், நின்டெண்டோவின் பழைய மெட்ராய்டு ஆட்டம் ஒன்றைப் பல வருடம் உட்கார்ந்து புதிதாகச் செய்து 2016இல் இலவசமாக வெளியிட்டார். சில நாட்களில் நின்டெண்டோ அதை இறக்கவைத்தது. அடுத்த வருடமே அதே ஆட்டத்தின் சொந்த மறுபதிப்பை வெளியிட்டது. சட்டப்படி நின்டெண்டோ செய்தது சரி. ஆனால் இந்த இரண்டு ரசிகர்களும் 'மாத்தாதே' என்று சொல்லிவிட்டு நின்றுவிடவில்லை. தாங்களே உட்கார்ந்து செய்தார்கள். எங்கள் சட்டத்தில் இல்லாதது அதுதான்.

இரண்டாம் சட்டம்: 'விலை கம்மியா இருக்கணும்.'

மூன்று ரூபாய்க்கு அம்மாவிடம் பொய் சொன்னவர்கள் எழுதிய சட்டம். இதைத் தொழிலின் தத்துவமாகவே மாற்றிய ஒருவர் இருந்தார். குன்பெய் யோக்கோய் 1965இல் நின்டெண்டோவில் சேர்ந்தபோது அது சீட்டுக்கட்டுக் கம்பெனி. 1889இல் கியோட்டோவில் ஹனஃபுடா என்ற பூச்சீட்டு அச்சடிக்கத் தொடங்கப்பட்டது. யோக்கோய்க்கு வேலை இயந்திரங்களைப் பராமரிப்பது. சும்மா இருந்த நேரத்தில் அவர் செய்த, நீண்டு சுருங்கும் ஒரு கை பொம்மையைப் பார்த்த முதலாளி ஹிரோஷி யமவுச்சி அதையே விற்கச் சொன்னார். அது 1966. பிறகு ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அதே மலிவான திரையை வைத்துக் கையடக்க ஆட்டம் செய்யலாம் என்று யோக்கோய்க்குத் தோன்றியது. 1980இல் கேம் அண்ட் வாட்ச் வந்தது.

அவருடைய கொள்கையைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: எல்லோரும் பயன்படுத்திப் பழசாகி, விலை இறங்கிப்போன தொழில்நுட்பத்தை எடு, யாரும் நினைக்காத இடத்தில் அதைப் பயன்படுத்து. 1989இல் வந்த கேம்பாய்க்கு வண்ணம் கிடையாது, பச்சை கலந்த மங்கல் திரைதான். போட்டியாக வந்த லின்க்ஸும் கேம் கியரும் வண்ணத்தில் ஜொலித்தன. ஆனால் கேம் கியர் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். கேம்பாய் நான்கு பேட்டரியில் பல நாள் பள்ளிக்கூடம் போய்வரும். பின்னால் வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்தால் கேம்பாய் 11 கோடிக்கு மேல் விற்றது.

இதே யோக்கோய் 1995இல் செய்த வர்ச்சுவல் பாய் படுதோல்வி. அடுத்த வருடம் நின்டெண்டோவை விட்டு விலகினார். 1997இல் சாலை விபத்தில் இறந்தார். விலை குறைவாக இருக்க வேண்டும் என்று சொல்ல யாராலும் முடியும். எதைக் குறைத்தால் ஆட்டம் கெடாது என்று தெரிவதுதான் வேலை. அவருக்கே அது எல்லா முறையும் கைகூடவில்லை.

மூன்றாம் சட்டம்: '9999 கேம்னு பொய் சொல்லக் கூடாது.'

கேசட்டின் மேல் 9999 என்று போட்டிருக்கும். உள்ளே பத்துப் பன்னிரண்டு ஆட்டம்தான், வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். எங்கள் சிறுவயதின் முதல் ஊழல் அனுபவம் அது. அமெரிக்கா முழுவதும் இதே ஏமாற்றத்தை 1982இல் அனுபவித்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அப்போது வீடியோ கேம் என்றால் அட்டாரி. ஸ்பீல்பெர்க்கின் ஈ.டி. படம் ஓடிக்கொண்டிருந்தது. பெருந்தொகை கொடுத்து உரிமையை வாங்கியாயிற்று, கிறிஸ்துமஸ் விற்பனைக்குச் சரக்கு வேண்டும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒற்றை நிரலாளருக்குக் கிடைத்த அவகாசம் ஐந்து வாரம். விற்றதைவிட மிக அதிகமான கேசட்டை அட்டாரி அச்சடித்து வைத்திருந்தது. அந்த ஒரு ஆட்டத்தால் மட்டும் தொழில் விழவில்லை. கண்டவர்களும் கண்டதைச் செய்து கடைகளை நிரப்பியிருந்தார்கள். 1983இல் 320 கோடி டாலராக இருந்த அமெரிக்க வீட்டு வீடியோ கேம் வியாபாரம் 1985இல் சுமார் 10 கோடியாகச் சுருங்கியது. விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014இல் அதைத் தோண்டி எடுத்தபோது வார்ஷாவும் அங்கே நின்று பார்த்தார். இந்த வீழ்ச்சியைப் பார்த்துத்தான் நின்டெண்டோ அந்தப் பூட்டுச் சில்லையும், வெளிக் கம்பெனி வருடத்துக்கு ஐந்து ஆட்டம்தான் வெளியிடலாம் என்ற கட்டுப்பாட்டையும் கொண்டுவந்தது. எங்கள் மூன்றாம் சட்டம், எங்களுக்கு முன்னாலேயே அமலில் இருந்திருக்கிறது.

நான்காம் சட்டம்: 'நல்லா ஆடத் தெரிஞ்சவனைத்தான் வேலைக்கு வெக்கணும்.'

இதைச் செய்துகாட்டிய ஒருவரின் கதை, சிற்றிதழ் படித்து வளர்ந்தவர்களுக்குப் பழகிய கதைபோல் இருக்கும். சதோஷி தஜிரி டோக்கியோ அருகே மச்சிடாவில் வளர்ந்தவர். சின்ன வயதில் பூச்சி பிடிக்கிற பைத்தியம். ஊர் நகரமாகிப் பூச்சிகள் காணாமல்போனபின் வீடியோ கேம் பைத்தியம். 1983இல் ஆட்டங்களில் ஜெயிக்கும் வழிகளைக் கையால் எழுதி, நகலெடுத்து, ஸ்டேப்ளர் பின் அடித்து 'கேம் ஃப்ரீக்' என்று ஒரு பத்திரிகை போட்டார். அதைப் படித்துவிட்டு வந்து சேர்ந்த கென் சுகிமோரி படம் வரைந்தார். இப்போது வரும் ஆட்டங்கள் சரியில்லை, நாமே செய்தால் என்ன என்று 1989இல் பத்திரிகையின் பெயரிலேயே கம்பெனி ஆரம்பித்தார்கள். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' ஆரம்பித்த மனநிலையும் இதிலிருந்து தூரமில்லை. தான் படிக்க விரும்பியதை வேறு யாரும் போடவில்லை, அதனால் கைக்காசைப் போட்டார்.

தஜிரிக்குச் சின்ன வயதின் பூச்சிகள் மறக்கவில்லை. பிடித்து, வளர்த்து, இன்னொருவனோடு கம்பி வழியாக மாற்றிக்கொள்ளும் ஒரு ஆட்டத்தைக் கேம்பாய்க்கு ஆரம்பித்தார். ஆறு வருடம் இழுத்தது. நடுவில் கம்பெனி திவாலின் விளிம்புக்குப் போனது, ஆட்கள் விலகினார்கள், அவர் சம்பளம் எடுக்காமல் இருந்தார். 1996 பிப்ரவரியில் போகிமான் வந்தது. அப்போது கேம்பாய்க்கே வயசாகிவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டதும் அதே 1996இல்தான்.

நன்றாக ஆடத் தெரிந்ததால் தஜிரி ஜெயித்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. தான் ரசித்த ஆட்டத்தை அவர் மறுபடி செய்யவில்லை. தன்னை ரசிகனாக்கியது எது என்று தேடிப்போய், அது ஒரு குளக்கரையும் ஒரு வண்டும் என்று கண்டுபிடித்தார்.

ஐந்தாம் சட்டம்: 'முதலாளி தினமும் ஒரு மணி நேரம் ஆடணும்.'

அட்டாரியை 1976இல் வார்னர் நிறுவனம் வாங்கியது. அதன்பின் தலைமைக்கு வந்த ரே கஸார் துணித் தொழிலிலிருந்து வந்தவர். டேவிட் கிரேன் உட்பட நான்கு நிரலாளர்கள், எந்தக் கேசட் எவ்வளவு விற்றது என்ற கணக்கைப் பார்த்து, விற்பனையின் பெரும்பகுதி தங்கள் நான்கு பேர் செய்த ஆட்டங்கள்தான் என்று கண்டுகொண்டார்கள். கேசட்டில் பெயராவது போடுங்கள், பங்கு கொடுங்கள் என்று கேட்டார்கள். கேசட்டைப் பெட்டியில் அடுக்குகிறவர்களைவிட நீங்கள் ஒன்றும் பெரியவர்கள் இல்லை என்கிற மாதிரி பதில் வந்தது. 1979இல் வெளியேறி ஆக்டிவிஷனை ஆரம்பித்தார்கள். அட்டைப்பெட்டியிலும் கையேட்டிலும் செய்தவன் பெயரைப் போட்டார்கள். அட்டாரியிலேயே வாரன் ராபினெட் என்பவர், தான் செய்த அட்வெஞ்சர் ஆட்டத்துக்குள் ஒரு ரகசிய அறை கட்டி, அதில் தன் பெயரை எழுதிவைத்துவிட்டு வேலையை விட்டுப் போனார். விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுவன் கண்டுபிடித்த பிறகுதான் கம்பெனிக்கே தெரிந்தது.

மறுபக்கம் சதோரு இவாத்தா. நிரலாளராக இருந்தவர். 1993இல் கடனில் மூழ்கிய ஹால் என்ற சின்ன நிறுவனத்துக்குத் தலைவராகி, சில வருடங்களில் கடனை அடைத்தார். 2002இல் நின்டெண்டோவின் தலைவரானார். 2011இல் 3டிஎஸ் கருவி சரியாக விற்காமல் விலையைக் குறைக்க வேண்டி வந்தபோது தன் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார். 2014இல் வீ யூ விற்காதபோது மறுபடியும் வெட்டிக்கொண்டார். ஆட்களைக் குறைத்தால் கணக்கு சரியாகிவிடுமே என்று முதலீட்டாளர்கள் கேட்டதற்கு, வேலை போகுமோ என்ற பயத்தில் இருப்பவர்களால் மக்களை மகிழ்விக்கும் ஆட்டத்தைச் செய்ய முடியாது என்ற பொருளில் பதில் சொன்னார். 2015இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார்.

இவாத்தா ஆட்டப் பிரியர்தான். ஆனால் தினமும் ஒரு மணி நேரம் ஆடியதால் இந்த முடிவுக்கு வரவில்லை. ஆட்டத்தைச் செய்ய எத்தனை ராத்திரி ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

*

ஐந்து சட்டத்தையும் படித்து முடித்த பிறகு ஒரு விஷயம் உறைத்தது. அந்த நோட்டில் ஆட்டம் இருந்தது, விலை இருந்தது, முதலாளி இருந்தார். செய்கிறவன் எதைச் சாப்பிடுவான் என்று ஒரு வரி இல்லை. அவன் பெயர் எங்கே வரும் என்றும் இல்லை.

நண்பனின் பதினான்கு வருடம் அந்த விடுபட்ட வரிக்குள்தான் கழிந்தது. இந்தியாவில் இந்தத் தொழில் பெரும்பாலும் வளர்ந்தது அப்படித்தான். 1997இல் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் வெளிநாட்டு ஆட்டங்களுக்குக் கார், கட்டடம் என்று வரைந்து கொடுத்துப் பெயர் வாங்கியது. 2019இல் ராக்ஸ்டார் அதை வாங்கிக்கொண்டது. நண்பன் இருந்தது வேறொரு நிறுவனத்தில், அதன் பெயர் இங்கே வேண்டாம். அவன் இரண்டு வருடம் உழைத்த ஒரு பெரிய ஆட்டம் வெளிவந்த அன்று குடும்பத்தோடு உட்கார்ந்து கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பார்த்திருக்கிறான். அரை மணி நேரம் ஓடியது. அவன் பெயர் இல்லை. "பொண்ணு கேட்டா, அப்பா நீ எங்கனு. அந்தச் செவுரு நான் போட்டதுதான்னு காமிச்சேன்" என்றான். 2023இலும் 2024இலும் உலகம் முழுக்க இந்தத் தொழிலில் வருடத்துக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் வேலை போனது. அந்த அலை அவனை எட்டக் கொஞ்சம் தாமதமானது.

எங்கள் ஊர்க் கோயிலின் கல்வெட்டுகளைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தனியாகவே வெளியிட்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைப் பிரகாரத்துக்குக் கூட்டிப்போனால், சோழர் காலத்தில் நந்தா விளக்கு எரிந்த கணக்கை நான் சொல்வதுண்டு. ஒருவர் ஒரு விளக்கு வைக்க விரும்பினால் நெய்யை வாங்கிக் கொட்டிவிட்டுப் போவதில்லை. தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடு கொடுப்பார். இடையர் அதை ஏற்றுக்கொண்டு தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு போனால் குட்டியை வைத்து எண்ணிக்கையை நிறைக்க வேண்டும். அதனால் கல்வெட்டில் அதற்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகும், ஆனால் மந்தை சாகாது, மூப்படையாது.

விளக்கைக் கும்பிடுகிறவனுக்கு வெளிச்சம் போதும். நானும் நண்பனும் எட்டாம் வகுப்பில் எழுதியது வெளிச்சத்துக்கான சட்டங்கள். அட்டாரி ஒரு கிறிஸ்துமஸுக்காக மந்தையையே அடித்துச் சாப்பிட்டது. இவாத்தா மந்தையை எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

*

மாசி மாதம், பௌர்ணமி இல்லாத ஒரு ராத்திரியில் இருவரும் மலையைச் சுற்றினோம். 14 கிலோமீட்டர். நிருதி லிங்கம் தாண்டும்வரை அவன்தான் பேசினான். வெண்பாவைப் பற்றிச் சொன்னான். டொரண்டோவில் விசை என்ற சின்னக் குழு செய்து 2023இல் வெளியிட்ட ஆட்டம் அது. 1988இல் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். பாதி அழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி ஊற்ற வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். மகனுக்குத் தமிழ் நழுவிக்கொண்டே போகும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்த வருடம் சுயாதீன ஆட்டங்களுக்கான முதன்மைப் பரிசையும், முதல் படைப்புக்கான பாஃப்டா விருதையும் வாங்கியது. "துப்பாக்கி இல்ல, சண்ட இல்ல. இட்லிடா!" என்றான். எனக்கும் அது பிடித்திருந்தது. தஜிரியின் வண்டு மாதிரியே அதுவும் ஒரு சமையலறையிலிருந்து வந்திருக்கிறது.

"சரி, நீ இன்னா பண்ணப்போற?" என்றேன்.

அந்தச் சந்து, சுக்குக் காப்பி, மூன்று ரூபாய், கடை மூடுகிற அண்ணன். ஒரே ஒரு பௌர்ணமி ராத்திரியில் நடக்கிற சின்ன ஆட்டம். சொல்லும்போது அவன் குரல் மாறிவிட்டது.

"எத்தன மாசம் ஆவும்?"

"ஒன்ற வருஷம்."

"அதுவரைக்கும் உன் ஊட்ல அடுப்பு எப்படி எரியும்?"

அவன் பதில் சொல்லவில்லை. குபேர லிங்கத்தருகே உட்கார்ந்தோம். நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அவன் தன் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தான். பின்பக்கம் திருப்பிக் கணக்குப் போட்டோம். வாரத்தில் மூன்று நாள் அவன் பழைய மாதிரி வெளிவேலை எடுத்து வரைவான், மற்ற நாள் நம் ஆட்டம். மகளின் கல்லூரிப் பணத்தை நான் தொடமாட்டேன். என் சம்பளத்தில் மாதம் எட்டாயிரம், பதினெட்டு மாதத்துக்கு. அது போனால் போகட்டும். ஒலிக்கு ஒரு பையனை வைத்தால் அவனுக்கு மாதாமாதம் காசு, முடிந்த பிறகு தருகிறேன் என்ற பேச்சு கிடையாது. பதினெட்டு மாதத்தில் முடியவில்லையென்றால் ஆட்டத்தைச் சின்னதாக்குவது, கடன் வாங்குவதில்லை.

ஆறாவது சட்டத்தை அவன்தான் எழுதினான். 'செஞ்சவங்க பேரு மொதல்ல வரணும்.' பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த அண்ணன் பெயரையும் போட வேண்டும் என்றான். எங்கள் இருவருக்கும் அவர் பெயர் தெரியவில்லை. எப்போதும் அண்ணன் என்றுதான் கூப்பிட்டிருக்கிறோம். மறுநாள் காலையில் அந்தச் சந்தில் போய் விசாரிப்பது என்று முடிவுசெய்து எழுந்தோம்.